இருபத்தோராம் நாள்

தம்பியின் மனைவி கண்ணாடிப் பால்போத்தலை அடுப்பில் அவிய வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் போத்தல் துள்ளிச் சட்டி விளிம்பில் அடித்தது. கிணுக். கிணுகிணுக். ஒரு நிறுத்தம். மறுபடி கிணுக். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நான், ஏனென்று தெரியாமல், இடுப்பின் வலப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குத்திவிட்டு எறிகிற ஊசி நமக்கு வாய்க்கவில்லை. நம்முடையது கண்ணாடி ஊசி. மூடி போட்ட தட்டத்தில், மண்ணெண்ணெய் அடுப்பின் மேல், முந்தின நாள் யார் யாருக்கோ குத்திய ஊசிகளோடு சேர்ந்து அவியும். விறாந்தை வாங்குப் பலகையில் வரிசையாக இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். சத்தம் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டார்கள். பிள்ளைகள் அழத் தொடங்குவது அப்போதுதான்.

குளக்கட்டுக்குக் கீழே இருந்த அந்த ஆஸ்பத்திரி உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். மூன்று அறை, ஒரு விறாந்தை, சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சைப் பூச்சு. வவுனியாவுக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் முதல் பஸ்ஸே வராது. அங்கே ஒரேயொரு டொக்டர். யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். சைக்கிளில்தான் வருவார், காற்சட்டையின் வலது காலை மட்டும் மடித்துவிட்டபடி. பிறகு அவர் பெரிய தலைவரானார். உங்களில் சிலர் அவருக்கு மாலை போட்டிருப்பீர்கள், சிலர் ஏசியிருப்பீர்கள். இரண்டுக்கும் உங்களிடம் காரணம் இருந்திருக்கும். நான் சொல்லப்போவது அவர் டொக்டராக இருந்த கடைசி வருடத்தை. ஒரு மாரியின் முடிவிலிருந்து அடுத்த மாரி வரைக்கும். எனக்குப் பத்து வயது.

நாங்கள் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். கலவரத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயம் எரிந்தபின் லொறியில் ஏற்றி இங்கே காட்டோரம் இறக்கிவிட்டார்கள். குடியேற்றம் முழுக்க எங்கள் ஆட்கள்தான். அம்மா வயலில் கூலிக்குக் களை பிடுங்கப் போனாலும் எங்கள் பெண்களோடுதான் போவாள், அவர்களோடுதான் பேசுவாள். வந்து மூன்று மாரி கண்டும் இந்த ஊர்த் தமிழ் அவள் காதுக்குள் முழுதாக இறங்கவில்லை.

அந்தத் தை மாதம் என் முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் முழங்கால் வற்றி, கணுக்கால் வீங்கியது. பிறகு மணிக்கட்டு. நோ உடம்புக்குள் வீடு மாறி மாறிக் குடியிருந்தது. வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. காய்ச்சல் எட்டாம் நாளும் விடாதபோதுதான் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையாக வந்தாள்.

டொக்டர் தலை நிமிராமல் கேட்டார்: "சொல்லுங்கோ அம்மா, என்ன வருத்தம்?"

இங்கே வருத்தம் என்றால் நோய். மலையில் வருத்தம் என்றால் மனசில் கிடப்பது. அம்மா ஒருகணம் திகைத்தாள். அவளிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"என்னத்தங்க சொல்றது," என்று தொடங்கினாள். "லயத்துக்கு நெருப்பு வச்சப்ப ஒடுத்துன துணியோட ஓடியாந்தோங்க. எங்கப்பா நடக்க முடியாதவரு, அவர கோயில்ல வச்சிட்டு வந்தோம், அப்புறம் என்னா ஆனாருன்னே தெரியலீங்க. இங்க வந்தா காணி குடுப்பாங்கன்னாங்க, காட்ட வெட்டினோம், வெட்டுன காட்ட வேற ஆளுக்கு எழுதிக்கிட்டாங்க. கெணறு இல்ல. கொளத்துத் தண்ணிதான் குடிக்கிறது. இவங்கப்பாவுக்கும் எனக்கும் பிரஜாவுரிமை இல்லைங்கிறாங்க. இந்த நாடும் இல்லையாம், அந்த நாடும் இல்லையாம். செத்தா எந்தக் கணக்குல சாவறதுன்னு அவரு கேக்குறாரு..."

டொக்டர் முதலில் எழுதினார். பிறகு எழுதுவதை நிறுத்தினார். பிறகு பேனையின் மூடியைப் போட்டார். விறாந்தையில் வரிசை முணுமுணுத்தது. அம்மா சொல்லி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "அவ்வளவுதாங்க" என்றாள்.

மிஸி சிரித்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் ஒரே நேர்ஸ் அவர். ஊரே அவரை மிஸி என்றுதான் கூப்பிடும். "அம்மா, வருத்தம் எண்டா நோய்! பிள்ளைக்கு என்ன நோய் எண்டு கேக்கிறார்!"

அம்மாவின் முகம் கறுத்தது. என்னைத் தூக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

"இருங்கோ," என்றார் டொக்டர். மிஸியிடம் திரும்பி, "சிரியாதையும். அவா சொன்னதும் வருத்தம்தான். எனக்குத்தான் அதுக்கு மருந்து தெரியாது."

பிறகு என் முழங்காலைத் தொட்டார். நெஞ்சில் வைக்கும் கருவியின் வட்டத்தை முதலில் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். நீண்ட நேரம் கேட்டார்.

"இது வாதக் காய்ச்சல். மூட்டை நக்கிப்போட்டுப் போயிடும், ஆனா இருதயத்தைக் கடிக்கும். இன்னும் கடிக்கேல்லை. அம்மா, வடிவாக் கேளுங்கோ. இருபத்தொரு நாளுக்கொருக்கா இவளுக்கு ஊசி போடவேணும். இருபது வயசு மட்டும். ஒண்டும் தப்பக்கூடாது. தப்பினா, காய்ச்சல் திரும்பி வந்தா, இருதயம் பழுதாப் போயிடும். விளங்கிச்சோ?"

"வெளங்குதுங்க," என்றாள் அம்மா. இந்த முறை உண்மையிலேயே விளங்கியிருந்தது.

அந்த மருந்து வெள்ளை. பால்மாவைக் குறைந்த தண்ணீரில் கரைத்ததுபோலக் கெட்டி. மொத்த ஊசியால்தான் ஏறும். போட்டபின் அன்று முழுக்கக் காலை இழுத்து நடப்பேன். இருபத்தோராம் நாள் எது என்பதை எங்கள் வீட்டில் எல்லாரும் அறிவோம், கைப்பிள்ளையாக இருந்த தம்பியைத் தவிர.

இனி டொக்டரைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பிறகு அவர் மாறிவிட்டார் என்று மிஸி குறைபடுவார். யார் வந்தாலும் "என்ன வருத்தம்?" என்று கேட்டு, நோயைச் சொன்னபின், "மற்ற வருத்தம்?" என்று கேட்கத் தொடங்கினார். சனம் சும்மா விடுமா? வாய்க்கால் தண்ணீர், காணி உறுதி, காணாமற்போன மாடு, குடிக்கிற மருமகன். வரிசை பின்னேரம் வரை நீண்டது. மிஸி மதியச் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு.

கடிதம் எழுத அங்கே வேறு தாள் கிடையாது. மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதுவார். எங்கள் குடியேற்றத்துக்குக் கிணறு வேண்டும் என்று அவர் எழுதிய துண்டின் முன்பக்கத்தில் "மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று இருந்ததாம். கந்தோரில் அதைப் படித்த அதிகாரி, கிணற்றைச் சாப்பாட்டுக்கு முன் வெட்டுவதா பின் வெட்டுவதா என்று கேட்டாராம். ஆனால் கிணறு வந்தது. வைகாசியில் வெட்டி ஆனியில் நல்ல தண்ணீர் குடித்தோம். அதோடு அவருடைய துண்டுக்கு ஒரு மகிமை ஏறிவிட்டது. அவர் எழுதினால் நடக்கும் என்று சனம் நம்பியது. அவரும் நம்பத் தொடங்கினார் என்று இப்போது நினைக்கிறேன்.

தேர்தல் வரப்போகிறது என்று ஆவணியில் பேச்சு அடிபட்டது. டொக்டரை நிற்கச் சொல்லிக் கேட்க ஒரு கூட்டம் போனது. முன்னால் போனவர் என் அப்பா. வாக்குரிமை இல்லாத அப்பா.

"தொரை, நீங்கதான் நிக்கணும்," என்றாராம்.

"நான் தொரை இல்லை. தொரை எண்டு இன்னொருக்காச் சொன்னா உமக்கும் பெரிய ஊசியாலை ஒண்டு குத்துவன்."

"ரெண்டு குத்துங்க. ஆனா நில்லுங்க."

தேர்தலுக்கு நிற்பதென்றால் அரசாங்க வேலையை விடவேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். அதன் மறுபக்கத்தை அம்மா மட்டும்தான் யோசித்தாள்.

"அவரு போயிட்டா இவளுக்கு யாரு ஊசி போடுவா?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு டாக்டரு போனா பத்து டாக்டர அனுப்புவாரு, நீ பாரு."

"பத்து எனக்கு வேணாம். எனக்கு ஒண்ணு போதும்."

"நமக்கு ஒரு தாள் இருக்கா? ஒரு அட்டை இருக்கா? செக் பொயின்டத் தாண்ட முடியுதா? இதெல்லாம் அங்க போயி ஒரு ஆளு பேசினாத்தான்டி நடக்கும்."

"பேசட்டும். ஊசியப் போட்டுட்டுப் பேசட்டும்."

இருவரும் சரியாகத்தான் பேசினார்கள். இதைக் கண்டுகொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்தது. அப்போது நான் அப்பாவின் பக்கம். டொக்டர் போனால் ஊசியும் போய்விடும் என்ற மகிழ்ச்சி.

அம்மா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. வாங்கில் இருக்கவில்லை. மேசைக்கு முன் நின்றபடியே சொன்னாள்: "நீங்க போகாதீங்க."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அம்மா, நீங்கள் அண்டைக்குச் சொன்னதுகளுக்கு இந்த மேசையிலை மருந்தில்லை. மருந்து இருக்கிற இடத்துக்குத்தான் போகப் பாக்கிறன்."

"நா வாயத் தொறந்தது தப்புங்க. அத மறந்துருங்க. இவ ஊசிய மட்டும் ஞாபகம் வச்சிக்கிங்க."

"பிள்ளையை மறப்பனே? மிஸிக்கு எல்லாம் எழுதிக் குடுத்திட்டுத்தான் போவன்."

எழுதிக் கொடுத்தார். மருந்துத் துண்டில், அழகான எழுத்தில், என் பெயரும் மருந்தின் அளவும் இருபத்தொரு நாளும். மிஸி அதை மருந்து அலுமாரிக் கதவில் ஒட்டினார்.

அவருடைய முதல் கூட்டம் எங்கள் பள்ளிக்கூட வளவில். காலையிலேயே உழவு மெசினில் ஒலிபெருக்கி கட்டி, "டொக்டர் வாறார்! டொக்டர் வாறார்! பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரும் வாங்கோ!" என்று கத்திக்கொண்டு போனார்கள். தேர்தல் என்ற சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். காட்டோரக் குடியிருப்புகளுக்கெல்லாம் டொக்டர் வாறார் என்ற சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்களில் கலவை மருந்து வாங்க நாம்தான் வெறும் போத்தல் கொண்டுபோக வேண்டும், மறந்திருக்க மாட்டீர்கள். நாலு மணிக்கு வளவு நிறையச் சனம். ஒவ்வொரு கையிலும் ஒரு போத்தல். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல். இருமுகிற கிழவர்கள், சிரங்குப் பிள்ளைகள், கட்டிலோடு தூக்கி வந்த ஒரு பெண்.

டொக்டர் மேடையில் ஏறினார். ஒலிவாங்கியைப் பிடித்தார். கீழே பார்த்தார். "அன்பான..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். முன்வரிசையில் ஒரு கிழவர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பு, நாக்கை உள்ளை போடுங்கோ. இது கூட்டம்."

"கூட்டமாத்தான் இருக்குது. நான் விடிய வந்து இடம் பிடிச்சனான்," என்றார் கிழவர், நாக்கை நீட்டிக்கொண்டே.

வளவு சிரித்தது. டொக்டரும் சிரித்தார். பிறகு இறங்கி வந்து, இருட்டுப்படும்வரை சனத்தைப் பார்த்தார். பேச்சு அன்று நடக்கவேயில்லை. அந்தப் பேசாத பேச்சுக்காகத்தான் அவர் வென்றார் என்று அப்பா கடைசிவரை சொல்வார்.

அன்று என் இருபத்தோராம் நாளும்கூட. அம்மா மேடையின் பின்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மிஸி மருந்தைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் கேத்திலை இறக்கிவைத்துவிட்டு அடுப்பைக் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு அறையில், பெருக்கல் வாய்பாடு எழுதிய கரும்பலகையைப் பார்த்தபடி நான் குப்புறப் படுத்தேன். அவர் கை எனக்குப் போட்ட கடைசி ஊசி. நோகவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நொந்தது.

அவர் வென்றார். வெடி கொளுத்தினார்கள். வாக்குப் போடாத அப்பா எல்லாரையும்விட உயரத் துள்ளினார். டொக்டர் கொழும்புக்குப் போனார். பத்து டொக்டர் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. மழை வந்தது.

அடுத்த இருபத்தோராம் நாள் மிஸி அலுமாரிக் கதவில் ஒட்டிய துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தார்.

"அம்மா, என்னாலை ஏலாது. முன்னம் நான் இருந்த இடத்திலை இந்த ஊசி போட்ட கையோட ஒரு பிள்ளை நீலம் பாரிச்சதைக் கண்டனான். பக்கத்திலை டொக்டர் நிண்டபடியாத் தப்பிச்சுது. ஆளில்லாமல் நான் குத்தமாட்டன்."

"அவரு எழுதிக் குடுத்திருக்காருங்களே!"

"எழுதேக்குள்ளை அவர் டொக்டர். இப்ப எம்பி. எம்பியின்ரை துண்டுக்கு ஊசி போடேலுமே? வவுனியாவுக்குக் கொண்டுபோங்கோ அம்மா, கெஞ்சிக் கேக்கிறன்."

மிஸி அழுதார். நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். அது எனக்கு இன்னும் உறைக்கிறது.

அம்மா என்னை வவுனியாவுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டாள். முதல் தடவை குளம் வான் பாய்ந்து றோட்டு இல்லை. அம்மாவின் இடுப்பளவு தண்ணீரில் பாதி வழி போய்த் திரும்பினோம். இரண்டாம் தடவை தண்ணீர் வடிந்திருந்தது. செக் பொயின்டில் அடையாள அட்டை கேட்டார்கள். அம்மாவிடம், மிஸி அலுமாரிக் கதவிலிருந்து உரித்துத் தந்த என் மருந்துத் துண்டுதான் இருந்தது. அதை நீட்டினாள். அந்த ஆள் முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. அன்று எட்டுக் கட்டை தூரம் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

மார்கழியில் தொண்டை நொந்தது. பிறகு முழங்கால். பிறகு, புதிதாக, மூச்சு. படுத்தால் முட்டும், சுவரில் சாய்ந்து இருந்தபடிதான் நித்திரை. அப்பா டொக்டருக்குக் கடிதம் எழுதுவித்து அனுப்பினார். பதில் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது.

தை பிறந்து சில நாளில் டொக்டர் வந்தார். கடிதத்துக்காக வரவில்லை. இரண்டு வாகனத்தில், பிரஜாவுரிமைப் படிவங்களோடு, ஓர் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குடியேற்றத்துப் பாலை மரத்தின் கீழ் மேசை போட்டார்கள். அந்த ஒரு நாளுக்குள் எல்லாருடைய படிவமும் நிரப்பி, அவர் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும். அதிகாரி மறுபடி வரமாட்டார். சனம் குளித்து, திருநீறு பூசி, வரிசையில் நின்றது. அம்மா போகவில்லை.

அப்பா அவரிடம் என்ன சொன்னாரோ, டொக்டர் வரிசையை விட்டு எங்கள் வீட்டுக்குள் குனிந்து வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மாலை. மாலையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்தார். நெஞ்சில் வைக்கும் கருவி அவரிடம் இல்லை. சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார், அங்கே பேனைதான் இருந்தது. முழங்காலை ஊன்றி இருந்து, என் நெஞ்சில் தன் காதை வைத்தார். காது குளிர்ந்திருந்தது. செவ்வந்தி மணமும் பவுடர் மணமும். அவர் மூச்சை அடக்கிக் கேட்டார். நான் அவருடைய தலையின் வழுக்கை தொடங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையை எடுக்காமலே கேட்டார்: "எத்தினை ஊசி தப்பினது?"

"நாலுங்க," என்றாள் அம்மா.

அவர் எழும்பவில்லை. இன்னொரு தரம் கேட்டார், பிழையாகக் கேட்டுவிட்டேனா என்பதுபோல. பிழையில்லை. எனக்குப் பழுதான இருதய வால்வு பிறகு கொழும்பில் மாற்றப்பட்டது; நெஞ்சின் நடுவில் ஒரு சாண் தழும்பு இருக்கிறது. அந்தப் படிவங்கள் வந்து சேர்ந்தன என்பதும் உண்மை. அப்பா தன் முதல் வாக்கைப் போட்டுவிட்டு, மைபூசிய விரலை ஒரு கிழமை தண்ணீரில் படாமல் வைத்திருந்தார். ஒன்றை ஒன்றால் கழித்துப் பார்க்க நான் பலதரம் முயன்றிருக்கிறேன். கணக்கு ஒருநாளும் ஒரே விடை தருவதில்லை.

டொக்டர் வெளியே போய், என்னை வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சாரதியிடம் சொன்னார். தானும் வாகனத்தின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். பாலை மரத்தடியில் வரிசை அப்படியே அவரைப் பார்த்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். டொக்டர் வைத்த காலை எடுத்தார்.

"என்ரை வாகனத்தை செக் பொயின்டிலை மறிக்கமாட்டினம்," என்றார் அம்மாவிடம். "பெரியாஸ்பத்திரியிலை குடுக்க எழுதித் தாறன்."

"எழுத வேணாங்க," என்றாள் அம்மா. "டைவரண்ண வாயால சொல்லட்டும்."

அவர் பேனையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அம்மா என்னைப் பின் இருக்கையில் சாய்த்து, தலையைத் தன் தோளில் வைத்தாள். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்கு ஓடினார். டொக்டர் கதவுக்கு வெளியே கைகளைத் தொங்கப்போட்டபடி நின்றார்.

"அம்மா," என்றார். "நான் பிழை விட்டிட்டன்."

வாகனம் உறுமியது. அம்மா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"அது கெடக்கட்டுங்க. அந்தத் தாள்ல எங்க வூட்டுக்கு நாலு பேரு. இவளையும் சேத்து நாலு. ஒண்ணு கொறையாம எழுதுங்க."